ஒரு முறை அளந்தால் மூன்று தோற்றங்கள்

கைப்பிடியுள்ள கோப்பை போன்ற ஒரு பொருளை முன், மேல், வலப்பக்கம் என மூன்று தோற்றங்களில் வரையும்போது ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே அளவெடுக்காமல், முன் தோற்றத்தின் விளிம்புகளிலிருந்து 2எச் எனும் கடின முனைப் பென்சிலால் மெல்லிய கோடுகளை மேலேயும் வலப்புறமும் நீட்டி, அவற்றுக்கு இடையிலேயே மற்ற இரண்டையும் வரையுங்கள். முன் தோற்றத்தின் மேல் வலது மூலையிலிருந்து 45 பாகையில் ஒரு சாய்கோட்டை வலப்புறமாக மேல்நோக்கி இழுத்து, மேல் தோற்றத்தின் கிடைக்கோடுகளை வலப்புறம் நீட்டி, அவை அதைத் தொடும் புள்ளிகளிலிருந்து செங்குத்தாகக் கீழே இறங்கினால், பக்கத் தோற்றத்தின் ஆழமும் அளக்காமலே கிடைத்துவிடும்.

முன் தோற்றமும் மேல் தோற்றமும் ஒரே அகலத்தையும், முன் தோற்றமும் பக்கத் தோற்றமும் ஒரே உயரத்தையும் கொண்டவை. 45 பாகைக் கோடு இரு திசைகளிலும் சம தூரம் செல்வதால் ஆழம் மாறாமல் இடம்பெயர்கிறது. கைப்பிடி வலப்புறம் இருந்தால், பக்கத் தோற்றத்தில் அது நடுவே ஒரு குறுகிய பட்டையாக மட்டுமே தெரியும்; தவறு எளிதில் நேரும் இடம் இது என்பதால் இங்கே சற்று நிதானம் தேவை.

கண்ணுக்குத் தெரிவதைப்போல, தொலைவில் உள்ள பகுதி சிறுத்துத் தோன்றும்படி வரையும் படங்களுக்கு இம்முறை பொருந்தாது.