காரை விட்டு மின்சார ஸ்கூட்டருக்கு: சென்னையில் பலரும் செய்யும் தவறுகள்

வேளச்சேரியிலோ மேடவாக்கத்திலோ வீடு, கிண்டியிலோ தரமணியிலோ வேலை. போய்வர மிஞ்சிப்போனால் 25 கிலோமீட்டர். இதற்கு ஒரே ஆள் உட்கார்ந்து காரை உருட்டிக்கொண்டு போவதைவிட மின்சார ஸ்கூட்டர் எவ்வளவோ மேல். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் ஆசையாக வாங்கிவிட்டு ஆறே மாதத்தில் மறுபடி காருக்கே திரும்பியவர்களும் இருக்கிறார்கள். காரணம் கேட்டால், வண்டி மோசம் என்று சொல்பவர்கள் குறைவு. சார்ஜ் போட இடமில்லை, சொன்ன தூரம் ஓடவில்லை, மழையில் பயமாக இருக்கிறது என்பார்கள். இவற்றில் பாதிக்கு மேல் வாங்குவதற்கு முன்பே சரிசெய்திருக்க வேண்டியவை.

முதல் தவறு, நேராக ஷோரூமுக்குப் போவது. முதலில் உங்கள் பார்க்கிங்குக்குப் போங்கள். அங்கே தூணில் ஒரு பிளக் இருக்கும். அது யாருடைய மீட்டரில் ஓடுகிறது? பெரும்பாலான அடுக்குமாடிகளில் அது பொது இணைப்பு. மோட்டாருக்கும் வாட்ச்மேன் விளக்குக்கும் போட்டது. அதில் நீங்கள் தினமும் சார்ஜ் போட்டால், இரண்டாவது மாதமே அசோசியேஷன் கூட்டத்தில் பேச்சு வரும். உங்கள் மீட்டரிலிருந்து பைப் வழியாகத் தனி லைன் இறக்கி, தனி எம்சிபி (அதிக கரண்ட் பாய்ந்தால் தானே அணையும் சுவிட்ச்) வைத்து, பூட்டுப் போட்ட பெட்டிக்குள் 15 ஆம்ப்ஸ் பிளக் வைப்பதுதான் சரியான வழி. அசோசியேஷனின் சம்மதத்தை எழுத்தில் வாங்கிவிட்டு வண்டிக்கு அட்வான்ஸ் கொடுங்கள். வாடகை வீடு என்றால் வீட்டுக்காரரிடமும் கேட்க வேண்டும்.

பிளக் இருக்கிறது என்பதோடு வேலை முடியவில்லை. வீட்டில் போடும் சார்ஜர்கள் பல 700, 900 வாட் அளவில் இழுப்பவை. இந்த அளவை ஒரு நல்ல பிளக் சுலபமாகத் தாங்கும். ஆனால் மிக்ஸியைப் போல இரண்டு நிமிடத்தில் நின்றுவிடாமல், மணிக்கணக்கில் விடாமல் இழுக்கிறது. பழைய பிளக்கில் உள்ளே பிடிப்பு தளர்ந்திருந்தால் அந்த இடம் சூடாகும். சார்ஜ் போட்டு ஒரு மணி நேரம் கழித்துப் பிளக்கின் மேல்பகுதியைத் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாத சூடு, பின்னைச் சுற்றிப் பழுப்பு நிறம், லேசான பிளாஸ்டிக் கருகல் வாசனை, இதில் எது இருந்தாலும் உடனே பிளக்கை மாற்றுங்கள். அப்புறம் எர்த். மூன்று ஓட்டை இருப்பதாலேயே எர்த் இருப்பதாக நினைக்காதீர்கள். பழைய வீடுகளில் மேல் ஓட்டைக்கு ஒயரே போயிருக்காது. எலக்ட்ரீஷியனை வைத்துச் சோதித்துவிடுங்கள். மாடியிலிருந்து எக்ஸ்டென்ஷன் பாக்ஸைத் தொங்கவிட்டு சார்ஜ் போடுவது வேண்டவே வேண்டாம்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. 2022 மார்ச்சில் வேலூரில், இரவு வீட்டில் சார்ஜ் போட்டிருந்த ஸ்கூட்டர் தீப்பிடித்து, புகையில் மூச்சுத்திணறி ஒரு தந்தையும் மகளும் இறந்தார்கள். அந்த ஆண்டு நடந்த பல தீவிபத்துகளுக்குப் பிறகுதான் மத்திய அரசு ஏஐஎஸ் 156 என்ற பேட்டரிப் பாதுகாப்புத் தரத்தை இறுக்கியது. 2022 டிசம்பரிலும் 2023 மார்ச்சிலுமாக இரண்டு கட்டமாக அது நடைமுறைக்கு வந்தது. அதனால் பழைய வண்டி வாங்குபவர்கள் தயாரிப்புத் தேதியைப் பார்க்க வேண்டும். விலை குறைவு என்று 2023க்கு முந்தைய வண்டியை வாங்குவதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். கழற்றும் பேட்டரி உள்ள வண்டியாக இருந்தால், பேட்டரியைப் படுக்கையறையிலோ வாசல் கதவை ஒட்டியோ வைத்து இரவில் சார்ஜ் போடாதீர்கள். தீ என்று ஒன்று வந்தால் வெளியே ஓடும் வழியை அது மறித்துவிடும்.

கரண்ட் பில்லில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. தினமும் 30 கிலோமீட்டர், மாதம் 25 நாள் ஓட்டினால் இரண்டு மாதத்துக்கு ஏறக்குறைய 50 யூனிட் கூடும். பெட்ரோல் செலவோடு பார்த்தால் இது ஒன்றுமே இல்லை. ஆனால் தமிழ்நாட்டில் இரண்டு மாதப் பயன்பாடு 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண அடுக்கே மாறிவிடும். 101 முதல் 200 யூனிட் வரைக்கான மலிவு விலை போய்விடும். ஏற்கெனவே 470, 480 யூனிட் ஓடும் வீடு என்றால் ஸ்கூட்டர் உங்களைக் கோட்டுக்கு அந்தப் பக்கம் தள்ளிவிடும். அப்போதும் லாபம்தான், ஆனால் தெரிந்துகொண்டு இறங்குங்கள்.

அடுத்தது, காருக்குச் சொல்லும் கணக்கை ஸ்கூட்டருக்கும் சொல்வது. வருஷத்துக்கு ஒருமுறை பாண்டிச்சேரி போக வேண்டியிருக்கலாம் என்று பெரிய பேட்டரி வண்டிக்கு இருபது, முப்பதாயிரம் கூடுதலாகக் கொடுக்கிறார்கள். பாண்டிக்கு பஸ் இருக்கிறது, கார் இருக்கிறது. தினசரி ஓட்டத்தைக் கணக்கிடுங்கள், அதைப் போல இரண்டு மடங்கு நிஜத்தில் ஓடும் வண்டி போதும். நிஜத்தில் என்ற சொல் முக்கியம். விளம்பரத்தில் இருக்கும் ரேஞ்ச், அதாவது ஒரு முழு சார்ஜில் ஓடும் தூரம், சோதனைக்கூடத்தில் எடுத்தது. பாலம் ஏறி, சிக்னலில் நின்று, பின்னால் ஆளை ஏற்றிக்கொண்டு ஓட்டினால் அதில் மூன்றில் இரண்டு பங்கு, கொஞ்சம் கூடுதலாகக் கிடைக்கும். 150 என்றால் 100 என்று வைத்துக்கொள்ளுங்கள். டயரில் காற்று குறைந்தால் அதுவும் குறையும். பாஸ்ட் சார்ஜரை நம்பி வாங்குவதாக இருந்தால் உங்கள் வண்டியின் இணைப்பு உங்கள் வழியிலுள்ள சார்ஜரில் பொருந்துமா என்று பாருங்கள். ஏதர் என்ற ஸ்கூட்டர் கம்பெனி உருவாக்கிய இணைப்பை 2023ல் பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) இந்தியத் தரமாக ஏற்றது. ஆனாலும் எல்லா கம்பெனியும் அதற்கு மாறிவிடவில்லை.

லைசென்ஸ் வேண்டாம், பதிவு வேண்டாம் என்று விற்கும் வண்டிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். மோட்டார் 250 வாட்டுக்குள், வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்குள் இருந்தால்தான் அந்தச் சலுகை. தெருமுனைக் கடைக்கும் ரயில்வே ஸ்டேஷனுக்கும் அது போதும். ஓஎம்ஆரில் பஸ்களுக்கும் தண்ணீர் லாரிகளுக்கும் நடுவே 25ல் போவது ஆபத்து. வாங்கிய பிறகு வேகத்தைக் கூட்டித் தருகிறோம் என்று யாராவது சொன்னால் அந்தக் கடையிலிருந்து வெளியே வந்துவிடுங்கள். வேகம் கூடிய அந்த நிமிடமே அது பதிவில்லாத, இன்ஷூரன்ஸ் இல்லாத மோட்டார் வாகனம்.

கார் லைசென்ஸை மட்டும் வைத்துக்கொண்டு பதிவு பெற்ற ஸ்கூட்டரை ஓட்டுவதும் நிறைய நடக்கிறது. செல்லாது. கியர் இல்லாத இருசக்கர வாகனத்துக்கான பிரிவை லைசென்ஸில் சேர்த்தாக வேண்டும். விபத்து நேர்ந்தால் இன்ஷூரன்ஸ் கம்பெனி முதலில் பார்ப்பது இதைத்தான். இன்னொன்று, புது வண்டிக்கு மூன்றாம் நபர் காப்பீடு ஐந்து வருஷத்துக்கு வந்துவிடுவதால், சொந்த சேதத்துக்கான பகுதி பெரும்பாலும் ஒரு வருஷத்திலேயே முடிவது பலருக்கு நினைவிருப்பதில்லை.

பத்து, பதினைந்து வருஷம் காருக்குள்ளேயே இருந்தவர்களுக்குச் சாலை வேறாகத் தெரியும். எம்டிசி பஸ்ஸின் இடது பக்கம் புகுவது, ஷேர் ஆட்டோவை ஒட்டிப் போவது இதெல்லாம் காரில் செய்யவே முடியாதவை. ஸ்கூட்டரில் இடம் இருப்பதுபோலத் தோன்றும். மின்சார வண்டி கையைத் திருகியதுமே பாயும், சத்தமும் கிடையாது. நடந்து போகிறவர் திரும்பிப் பார்க்கவே மாட்டார். முதல் சில வாரம், பாய்ச்சல் குறைவாக இருக்கும் ஈகோ மோடிலேயே ஓட்டுங்கள். இன்னொரு சின்ன விஷயம் யாரும் சொல்வதில்லை. ஆக்சிலரேட்டரை விட்டதும் மோட்டாரே வண்டியைப் பிடித்து இழுத்து வேகத்தைக் குறைக்கும், அந்த மின்சாரம் பேட்டரிக்குப் போகும். பேட்டரி 100 சதவீதத்தில் இருக்கும் காலையில் அதை வாங்கிக்கொள்ள இடமில்லாததால் இழுப்பு குறைந்திருக்கும். தினமும் நிற்கும் அதே சிக்னலில் வண்டி கொஞ்சம் முன்னே போய் நிற்கும். பிரேக்கை நம்பியே ஓட்டப் பழகுங்கள்.

பேட்டரியை வெயில்தான் கெடுக்கிறது. மே மாதம் மதியம் வந்ததும் சூடாக இருக்கும் வண்டியில் உடனே சார்ஜரைச் சொருகாதீர்கள், அரை மணி நேரம் ஆறட்டும். முழு சார்ஜில் நாள் முழுக்க வெட்டவெளியில் நிறுத்தாதீர்கள். லித்தியம் பேட்டரியில் என்எம்சி, எல்எஃப்பி என்று வகைகள் உண்டு. என்எம்சி வகைக்கு தினசரி 80 சதவீதம் போதும். எல்எஃப்பி வகையை அவ்வப்போது முழுதாக ஏற்ற வேண்டும். எது உங்களுடையது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஊருக்குப் போகும்போது பாதி சார்ஜில் விட்டுவிட்டுப் போங்கள்.

மழைக்கு வருவோம். பேட்டரி ஐபி67 என்று போட்டிருந்தால், ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரை மணி நேரம் தாங்கியதாகச் சோதித்திருக்கிறார்கள் என்று பொருள். அது பேட்டரிப் பெட்டிக்கு மட்டும். உங்களுக்கோ, தண்ணீருக்கடியில் மூடியில்லாமல் கிடக்கும் மேன்ஹோலுக்கோ அது எந்த உத்தரவாதமும் தராது. முழங்கால் தண்ணீர் என்றால் திரும்பிவிடுங்கள். 2024 அக்டோபரில் மழை எச்சரிக்கை வந்ததுமே வேளச்சேரிவாசிகள் கார்களைக் கொண்டுபோய் மேம்பாலத்தில் வரிசையாக நிறுத்தினார்கள். ஸ்கூட்டருக்கும் அந்த முன்யோசனை வேண்டும். தரைத்தளப் பார்க்கிங்கில் தண்ணீர் ஏறும் வீடு என்றால் வண்டியை எங்கே ஏற்றுவது என்று செப்டம்பரிலேயே முடிவு செய்யுங்கள். மூழ்கிய வண்டியை ஆன் செய்து பார்க்கவோ சார்ஜ் போடவோ கூடாது. மெயின் சுவிட்சை அணைத்து, சர்வீஸ் ஆட்களைக் கூப்பிடுங்கள்.

கடைசியாக, ஸ்கூட்டர் வந்த உற்சாகத்தில் காரை உடனே விற்றுவிடாதீர்கள். வடகிழக்குப் பருவமழை ஒன்று கடக்கட்டும். அதுவரை காரை வாரம் ஒருமுறை இருபது நிமிடம் ஓட்டினால் அதன் பேட்டரி உயிரோடு இருக்கும். காரின் இன்ஷூரன்ஸையும் விட்டுவிடாதீர்கள். ஜனவரியில் உட்கார்ந்து, காரை எடுத்த நாட்கள் எவை என்று பாருங்கள். அப்பா அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனது, அடைமழை, ஊர்ப் பயணம் என்று மாதம் மூன்று, நான்கு நாட்கள்தான் வருகிறது என்றால், அந்த நாட்களுக்கு கால் டாக்ஸி எவ்வளவு ஆகும், காரை வைத்திருக்க இஎம்ஐ, இன்ஷூரன்ஸ், சர்வீஸ் எல்லாம் சேர்த்து எவ்வளவு ஆகிறது என்று இரண்டையும் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். விற்பதா வேண்டாமா என்பதை அந்தக் கணக்கை வைத்து வீட்டில் எல்லோருமாக முடிவு செய்யலாம்.