நம்பிக்கை அறிக்கை: மறைக்கல்வி வகுப்பில் சொல்லிக்கொடுப்பது எப்படி?

புதுநன்மைக்கோ (முதன்முறை நற்கருணை வாங்குவது) உறுதிபூசுதலுக்கோ (திருமுழுக்கை உறுதிப்படுத்தும் அருளடையாளம்) தயாராகும் கத்தோலிக்கப் பிள்ளையிடம் நம்பிக்கை அறிக்கையை, அதாவது நாம் நம்புவதையெல்லாம் சுருக்கிச் சொல்லும் செபத்தைக் கேளுங்கள், மூச்சு விடாமல் ஒப்பித்துவிடும். "பாதாளத்தில் இறங்கி என்றால் என்னம்மா?" என்று கேட்டால் மோட்டுவளையைப் பார்க்கும். புதுச்சேரி–கடலூர் உயர்மறைமாவட்டப் பங்குகளில் ஞாயிறு மறைக்கல்வி எடுக்கப் புதிதாக வருகிறவர்களுக்கு இந்தக் குறிப்புகள் உதவும். மனப்பாடம் முதலில் வரட்டும், அதில் தப்பில்லை. அதற்குப் பிறகு பிள்ளை எந்த வரியில் தடுமாறும் என்று கண்டுபிடித்து, நேரத்தை அங்கே செலவழிக்க வேண்டும்.

எட்டு ஞாயிறு, வகுப்புக்கு 45 நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். மரபுப்படி அறிக்கையில் 12 கூறுகள். வாரத்துக்கு ஒன்றரை என்று சமமாகப் பங்கு போட்டால் காரியம் கெட்டது. தந்தைக்கு ஒரு வாரம், மகனுக்கு நான்கு, தூய ஆவியாரில் தொடங்கி நிலைவாழ்வு வரை மூன்று என்று பிரியுங்கள். வகுப்பில் முதல் 10 நிமிடம் சேர்ந்து சொல்வது, 25 நிமிடம் அன்றைய வரி, மிச்சம் பிள்ளைகளின் கேள்விகளுக்கு.

சேர்ந்து சொல்வதற்கு முன் அறிக்கையைக் கரும்பலகையில் எழுதி, மூச்சு விடும் இடங்களில் கோடு போடுங்கள். கோடு இல்லாவிட்டால் 'அவ்விடத்திலிருந்து' என்பதை அநேகமாக எல்லாப் பிள்ளையும் விழுங்கும். பிறகு யார் எங்கிருந்து வருகிறார் என்பதே புரியாது. வீட்டில் ஆயா (பாட்டி) "சர்வேசுரனை விசுவசிக்கிறேன்" என்று பழைய பாடத்தைச் சொல்லிக்கொடுத்திருப்பார். அதைத் தப்பென்று சொல்லிவிடாதீர்கள், நம்பிக்கை ஒன்றுதான். கடலூர்ப் பக்கம் தாய்வழியோ தந்தைவழியோ லுத்தரன் (சீர்திருத்த சபை) குடும்பமாக இருக்கும் பிள்ளைகளும் உண்டு. 'கத்தோலிக்க திரு அவை' என்று நாம் சொல்லும் இடத்தில் அவர்கள் வேறு சொல் சொல்வார்கள். ஒரே அறிக்கைதான் என்று சொல்லிவிட்டு நகருங்கள்.

முதல் வாரத்தில் மூவொரு கடவுள் (தந்தை, மகன், தூய ஆவியார் என மூவராக இருக்கும் ஒரே கடவுள்) பற்றிய கேள்வி கட்டாயம் வரும். தண்ணீர், பனிக்கட்டி, நீராவி என்ற உதாரணத்தைத் தொடவே வேண்டாம். ஒரே தண்ணீர் மூன்று வேடம் போடுகிறது என்றாகிவிடும். அதைத் திரு அவை எப்போதோ தள்ளிவைத்துவிட்டது. அதற்குப் பதில் மத்தேயு 3:16-17 வாசியுங்கள். மகன் யோர்தானில் நிற்கிறார், ஆவியார் புறாபோல் இறங்குகிறார், தந்தையின் குரல் வானிலிருந்து கேட்கிறது. மூவரும் ஒரே நேரத்தில் இருக்கிறார்கள். உடனே சிலுவை அடையாளம் போடச் சொல்லி, "பெயராலே என்கிறோமா, பெயர்களாலே என்கிறோமா?" என்று கேளுங்கள். மூன்று ஆள், ஒரே கடவுள் என்பதைப் பத்து வயதுப் பிள்ளைக்கு இதற்கு மேல் விளக்கப் போனால் குழப்பம்தான் மிஞ்சும்.

இரண்டாம் வாரம், மகன். 'பாதிக் கடவுள், பாதி மனிதர்' என்ற எண்ணம் பிள்ளைகளிடம் தானாகவே முளைக்கும். முழுக்கடவுள், முழுமனிதர் என்று அழுத்திச் சொல்லுங்கள். கடவுளின் மகனும் படைக்கப்பட்டவர்தான் என்று ஆரியுஸ் என்ற குரு சொன்னதால்தான் 325இல் நீசேயாவில் ஆயர்களின் பொதுச்சங்கம் கூடியது. பெரிய அறிக்கையில் (நீசேயா நம்பிக்கை அறிக்கை) வரும் "ஒளியினின்று ஒளியாக" அதற்கான பதில். உறுதிபூசுதல் வகுப்பென்றால் இதைச் சொல்லுங்கள், புதுநன்மைப் பிள்ளைகளுக்கு வேண்டாம்.

"தூய ஆவியால் கருவாகி" என்று தொடங்கும் வரியில் 'பிறந்தார்' வரைக்கும் தலைவணங்க வேண்டும். பல பங்குகளில் பெரியவர்களே மறந்துவிட்டார்கள். வகுப்பில் சொல்லும்போதே வணங்கிப் பழக்குங்கள். கிறிஸ்து பிறப்பு விழாவிலும் இயேசு கருவானதைக் கொண்டாடும் மார்ச் 25 திருப்பலியிலும் அந்த இடத்தில் முழந்தாளிட வேண்டும்.

மரியா வரும் இந்த வரியில் இன்னொரு குழப்பம் காத்திருக்கிறது. மிஷன் வீதியில் சம்பா கோவில் என்று நாம் சொல்லும் பேராலயம் அமல உற்பவ அன்னைக்கு உரியது. அமல உற்பவம் என்றால் இயேசு கன்னியிடம் பிறந்தது என்று பெரும்பாலோர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். மரியா தம் தாயின் வயிற்றில் கருவான நொடியிலிருந்தே ஜென்மப் பாவம் அணுகாதவர் என்பதே அதன் பொருள். திருத்தந்தை ஒன்பதாம் பயஸ் 1854இல் அதைத் திரு அவையின் கோட்பாடாக அறிவித்தார். கரும்பலகையில் நான்கு தேதி எழுதுங்கள்: டிசம்பர் 8, செப்டம்பர் 8, மார்ச் 25, டிசம்பர் 25. முதல் இரண்டு மரியா கருவானதும் பிறந்ததும், அடுத்த இரண்டு இயேசு கருவானதும் பிறந்ததும். இடையில் ஒன்பது ஒன்பது மாதம். செப்டம்பர் 8 வேளாங்கண்ணித் திருவிழா என்பதால் பிள்ளைகள் சட்டென்று பிடித்துக்கொள்வார்கள்.

பிலாத்து எதற்கு செபத்துக்குள் வருகிறான் என்று யாராவது கேட்டால் சந்தோஷப்படுங்கள், நல்ல கேள்வி. அவன் 26 முதல் 36 வரை யூதேயாவை ஆண்ட ரோமை ஆளுநன். இது 'ஒரு ஊரில் ஒரு ராஜா' கதையல்ல, இன்ன ஆட்சியில் இன்ன ஊரில் நடந்தது என்று காட்டத்தான் அவன் பெயர். பாதாளம் நரகம் அல்ல. இறந்தோர் மீட்பருக்காகக் காத்திருந்த நிலையையே அப்படிச் சொல்கிறோம் (1 பேதுரு 3:19). இயேசு கல்லறையில் இருந்த புனித சனிக்கிழமையை (ஈஸ்டருக்கு முந்தின நாள்) நினைவூட்டுங்கள்.

உயிர்ப்புக்கு ஒரு முழு வகுப்பு ஒதுக்குங்கள். இயேசு எழுப்பிய லாசரும் உயிரோடு வந்தாரே, என்ன வித்தியாசம் என்று நீங்களே கேளுங்கள். லாசர் பழைய வாழ்வுக்குத் திரும்பினார், பிறகு மறுபடி இறந்தார். இயேசு இனி சாவே இல்லாத வாழ்வுக்கு எழுந்தார். இது புரிந்தால்தான் கடைசி வாரத்து 'உடலின் உயிர்ப்பு' புரியும். அங்கே மோதுவது சினிமாவிலும் தெருவிலும் கேட்ட 'அடுத்த ஜென்மம்'. பக்கத்து வீட்டாரின் நம்பிக்கையைக் கேலி செய்யாமல், நம் நம்பிக்கையை மட்டும் தெளிவாகச் சொல்லுங்கள்: ஒரே வாழ்வு, ஒரே சாவு, இதே உடல் மாட்சியோடு எழுப்பப்படும். ஆன்மா மட்டும் மோட்சத்தில் மிதந்துகொண்டிருக்கும் என்பதும் அரைகுறைதான்.

'புனிதர்களுடைய உறவு ஒன்றிப்பு' வாய்க்குள் நுழையாத வரி. முடிந்தால் இதை நவம்பர் தொடக்கத்தில் வருமாறு திட்டமிடுங்கள். நவம்பர் 1 அனைத்துப் புனிதர் விழா. புதுச்சேரியில் அன்று விடுதலை நாள் விடுமுறையும்கூட; கடலூரில் அந்த வசதி இல்லை, மாலையில் வைத்துக்கொள்ளலாம். தெற்கு பூலவாரில் உள்ள திரு இருதய பசிலிக்காவுக்குக் கூட்டிப்போய் வண்ணக் கண்ணாடிச் சன்னல்களில் இருக்கும் புனிதர்களைக் காட்டுங்கள். மறுநாள் கல்லறைத் திருநாள். உப்பளம் கல்லறையில் குடும்பத்தோடு மெழுகுவர்த்தி ஏற்றும்போது பிள்ளைக்கு மூன்று கூட்டம் தெரியவேண்டும்: விண்ணில் இருப்போர், தூய்மை பெறும் நிலையில் இருப்போர், மண்ணில் நாம். புனிதர்களை வணங்குகிறோமா, ஆராதிக்கிறோமா என்ற கேள்வியும் இங்கே வரும். ஆராதனை கடவுளுக்கு மட்டும். புனிதர்களுக்கு வணக்கம், அவர்களிடம் பரிந்துரை வேண்டுதல்.

கடைசி ஞாயிறு ஒப்பிக்கச் சொல்லிப் பரீட்சை வைக்காதீர்கள். ஒரு வரியைச் சீட்டில் எழுதிக் குலுக்கிப்போட்டு, எடுத்த வரியைச் சொந்த வார்த்தையில் இரண்டு வாக்கியமாகச் சொல்லச் சொல்லுங்கள். ஈஸ்டர் திருவிழிப்பில் (ஈஸ்டருக்கு முந்தின இரவு வழிபாடு) சாமியார் "நம்புகிறீர்களா?" என்று கேட்க, மக்கள் "நம்புகிறேன்" என்று சொல்லும் முறையிலும் ஒருமுறை பழக்கிவிடுங்கள், அறிக்கையே திருமுழுக்கில் கேட்ட கேள்விகளிலிருந்து வளர்ந்ததுதான்.

நற்கருணை பற்றி இந்த அறிக்கையில் ஒரு வார்த்தையும் இல்லை என்பதை மறக்கவேண்டாம். புதுநன்மைப் பிள்ளைகளுக்கு அதைத் தனியாக எடுத்தாக வேண்டும். அப்பமும் இரசமும் கிறிஸ்துவின் உடலும் இரத்தமும் ஆகின்றன என்பதோடு, நன்மை வாங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்பிருந்து எதுவும் சாப்பிடக்கூடாது, தண்ணீரும் மருந்தும் பரவாயில்லை என்பதையும் பெற்றோர் முன்னிலையிலேயே சொல்லிவிடுங்கள். கோவில் வாசலில் பிஸ்கெட் பிரித்துக் கொடுப்பது பெரும்பாலும் அவர்கள்தான்.