எடை குறைப்பு ஆபரேஷனுக்கு முன் நான் பார்த்த ஒத்திகை

பள்ளிக்கூடத்தில் வேலை பார்ப்பவர்களுக்கு மதிய இடைவேளை என்பது பேருக்குத்தான். இருபது வருடமாக மதியச் சாப்பாட்டை ஏழு நிமிடத்தில் முடித்து, கடைசி வாயோடு அரை பாட்டில் தண்ணீரையும் ஊற்றிக்கொண்டு அடுத்த வகுப்புக்கு ஓடியவள் நான். 121 கிலோவில் ஸ்லீவ் ஆபரேஷன் செய்துகொள்வதென்று முடிவானபோது, டயட்டீஷியன் முதலில் கேட்டது, "எவ்வளவு நேரத்துல சாப்பிட்டு முடிப்பீங்க?" என்றுதான். உள்ளதைச் சொன்னேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தார்.

ஸ்லீவில் இரைப்பையின் முக்கால் பங்கை, சிலருக்கு அதற்கும் மேலே, வெட்டி எடுத்துவிடுகிறார்கள். மிஞ்சுவது ஒரு ஒடுங்கிய குழாய். பைபாஸ் என்ற இன்னொரு எடை குறைப்பு ஆபரேஷனில் இரைப்பையின் மேலே ஒரு சின்னப் பையை மட்டும் பிரித்துச் சிறுகுடலோடு இணைக்கிறார்கள். எதைச் செய்துகொண்டாலும் அவசரமாக விழுங்கினால் நெஞ்சை அடைக்கும், வாந்தி வரும். இரைப்பை ஒரே நாளில் மாறிவிடும். கையும் வாயும் அப்படி மாறாது. அதனால் ஒத்திகையை இன்றைக்கே ஆரம்பியுங்கள்.

முதலில், எந்த ஆபரேஷன் என்று பேசும்போது நெஞ்செரிச்சலை மறைக்காதீர்கள். ஸ்லீவுக்குப் பிறகு அது கூடுவதுண்டு, எதுக்களிப்பு அதிகம் உள்ளவர்களைப் பைபாஸ் பக்கம் திருப்புவார்கள். இன்னொன்று, பி.எம்.ஐ. (உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் கணக்கு) 40 இருந்தால்தான், அல்லது 35-உடன் சர்க்கரை, பிரஷர் மாதிரி நோய் இருந்தால்தான் ஆபரேஷன் என்பது 1991-ல் வந்த கணக்கு. 2022-ல் வந்த சர்வதேச வழிகாட்டுதல் அதை 35 ஆக்கியது, நோய் இல்லாவிட்டாலும். ஆசிய வம்சத்தவருக்கு 27.5. பழைய கணக்கை வைத்துக்கொண்டு நமக்கு இதெல்லாம் கிடையாது என்று நீங்களே முடிவு கட்டாதீர்கள், டாக்டரைக் கேளுங்கள்.

டெஸ்டுகள் நிறைய இருக்கும். ரத்தத்தில் இரும்பு, பி12, வைட்டமின் டி, தைராய்டு, மூன்று மாத சராசரி சர்க்கரை. பல இடங்களில் வாய் வழியாகக் குழாய் விட்டு இரைப்பையைப் பார்க்கும் எண்டோஸ்கோபியும் உண்டு. ஏதாவது குறைந்திருந்தால் முன்பே சரி செய்துவிடுங்கள், பின்னால் சாப்பாடு குறையும்போது ஏற்றுவது கஷ்டம். மனநல ஆலோசகரைப் பார்க்கச் சொன்னதும் எனக்குக் கோபம்தான் வந்தது. போய் உட்கார்ந்த பிறகுதான், பேப்பர் திருத்தும் இரவுகளில் பசியே இல்லாமல் சாப்பிடுகிறேன் என்பதை வாய்விட்டுச் சொன்னேன். அதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

குறட்டை விஷயத்தில் சாட்சி நாம் கிடையாது, பக்கத்தில் படுப்பவர். "நடுவுல மூச்சே நின்னுடுது உனக்கு" என்று என் வீட்டுக்காரர் பல வருடமாகச் சொன்னதைச் சிரித்துத் தள்ளியிருந்தேன். தூக்கப் பரிசோதனையில் அது உண்மையானது. தூக்கத்தில் மூச்சு நிற்காமல் இருக்க மாஸ்க் வழியாகக் காற்றைச் செலுத்தும் சிபேப் மெஷினை இரவில் மாட்டிப் பழகினேன், ஆஸ்பத்திரிக்கும் அதைக் கையோடு கொண்டு போனேன். மயக்க மருந்து கொடுக்கும் டாக்டருக்கு இது கட்டாயம் தெரிய வேண்டும். சிகரெட் பிடிப்பவர்கள் குறைந்தது ஆறு வாரம் முன்பே நிறுத்த வேண்டும். தையல் ஆறாமல் போவது, ரத்தம் உறைவது, பைபாஸ் இணைப்பில் புண் என்று வரிசையாக ஆபத்து இருக்கிறது. இதில் பேரமே கிடையாது.

சரி, ஒத்திகைக்கு வருகிறேன். சமையலறை டைமரை இருபது நிமிடத்துக்கு வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். சின்ன ஸ்பூன், சின்னத் தட்டு. வாயில் இருப்பது கூழாகும்வரை மென்று விழுங்கிய பிறகே அடுத்த ஸ்பூன், நடுவில் ஸ்பூனைக் கீழே வைத்துவிட வேண்டும். முதல் நாள் எட்டாவது நிமிடம் தட்டு காலி. டைமர் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்க, வேடிக்கை பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சாப்பிடும்போது தண்ணீர் கூடாது, முடித்து அரை மணி நேரம் கழித்துத்தான். எனக்கு இதுதான் பெரிய பாடு. மூன்று வாரம் ஆனது தொண்டை பழக. தண்ணீருக்கு இருமல் மருந்தோடு வரும் சின்ன அளவு மூடியை எடுத்து வைத்துக்கொண்டு, வாய் வாயாக உறிஞ்சிப் பழகினேன். "பொம்மைக்கா ஊத்துறீங்க?" என்றாள் மகள்.

ஆபரேஷனுக்கு இரண்டு வாரம் முன்பு திரவ உணவு தொடங்கும். பெரும்பாலும் ஒரு நாளைக்கு 800 முதல் 1000 கலோரி, புரதம் அதிகம், மாவுச்சத்து குறைவு. இது எடைக்காக மட்டும் என்று நினைத்துத்தான் பலர் நடுவில் ஏமாற்றுகிறார்கள். உண்மையில் இது கல்லீரலுக்காக. கல்லீரலின் இடது பக்கம் இரைப்பையை மூடிக்கொண்டு கிடக்கிறது. கொழுப்பு படிந்து வீங்கியிருந்தால் அதைத் தூக்கிப் பிடித்து வேலை செய்வது சிரமம், கிழிந்து ரத்தம் வரலாம். மாவுச்சத்தைக் குறைத்தால் அதில் சேர்ந்திருக்கும் கிளைக்கோஜனும் (சேமித்து வைத்த சர்க்கரை) தண்ணீரும் வடிந்து, சில நாட்களிலேயே சுருங்கத் தொடங்கும். முதல் மூன்று நாள் தலைவலியும் எரிச்சலும் வரும். வீட்டில் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

அந்த மூன்றாம் நாளில்தான் நான் மாட்டிக்கொண்டேன். கரும்பலகையில் எழுதிக்கொண்டிருக்கும்போது கை நடுங்கி, எழுத்து கீழே இறங்க ஆரம்பித்தது. சட்டையெல்லாம் வியர்வை. பார்த்தால் சர்க்கரை 58-க்கு இறங்கியிருந்தது. சாப்பாடு பாதிக்கும் கீழே வந்திருக்க, சுகர் மாத்திரையைப் பழைய அளவிலேயே போட்டுக்கொண்டிருந்தேன். டயட் கொடுத்தவர் மாத்திரையைக் கேட்கவில்லை, மாத்திரை கொடுத்தவருக்கு டயட் தெரியாது, எனக்கும் தோன்றவில்லை. அதனால் திரவ உணவு தொடங்கும் முன்பே எந்த மாத்திரை, எந்த இன்சுலின் எவ்வளவு குறைய வேண்டும் என்று எழுதி வாங்குங்கள். சில சுகர் மாத்திரைகளை ஆபரேஷனுக்குச் சில நாள் முன்பே நிறுத்த வேண்டியிருக்கும். ரத்தம் உறையாமல் இருக்கப் போடும் மருந்து, எடை குறைக்கும் ஊசி, கருத்தடை மாத்திரை, கடையில் நாமே வாங்கும் வலி மாத்திரை எல்லாம் அந்தப் பட்டியலில் இருக்கட்டும். எதையும் நீங்களாக நிறுத்தாதீர்கள். பெண்களுக்கு இன்னொன்று: எடை இறங்கும்போது கரு தங்கும் வாய்ப்பு கூடும், ஆனால் ஒன்று ஒன்றரை வருடம் கர்ப்பம் கூடாது. இதையும் முன்பே பேசிவிடுங்கள்.

வீட்டில் பெரிதாக எதுவும் தேவையில்லை. முன்பக்கம் திறக்கும் தளர்வான உடை, மோதிரத்தைக் கழற்றி வைப்பது, புரதப் பவுடரில் ஒரே டப்பாவாக வாங்காமல் இரண்டு மூன்று சுவையில் சின்னப் பாக்கெட்டுகள். ஆபரேஷனுக்குப் பிறகு நாக்கின் ருசி மாறிவிடலாம், நான் ஆசையாக வாங்கிய பெரிய டப்பா அப்படியே கிடந்தது. தினமும் நடங்கள். மூச்சுப் பயிற்சிக் கருவி கொடுத்தால் இப்போதே மெதுவாக மூச்சை இழுத்துப் பழகுங்கள், ஆபரேஷன் முடிந்து கண் விழித்த சில மணி நேரத்தில் எழுப்பி நடக்க விடுவார்கள்.

ஆபரேஷனுக்கு முந்தைய இரவு எத்தனை மணி வரை உணவு, எத்தனை மணி வரை தண்ணீர் என்பதை உங்கள் டாக்டர் சொன்னபடி அட்சரம் பிசகாமல் கேளுங்கள். மயக்கத்தில் இரைப்பையில் இருப்பது மேலே வந்து நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து.

ஆபரேஷன் முடிந்த மறுநாள் நர்ஸ் ஒரு சின்னக் கப்பில் 30 மில்லி தண்ணீர் கொண்டு வந்து, "கால் மணி நேரத்துல மெதுவா குடிங்க, முதல்ல எல்லாருக்கும் கஷ்டமாத்தான் இருக்கும்" என்றார். எனக்கு அந்த இருமல் மருந்து மூடிதான் நினைவுக்கு வந்தது. நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு முதல் வாயை உறிஞ்சினேன்.