ஆர்டுயினோ நேனோ போர்டுல டபிள்யூ5500 ஈதர்நெட் மாட்யூல் மாட்டுறது எப்படி

ரவுட்டர் ஒரு ரூம்ல, சென்சார் மாட்டின நேனோ (சின்ன மைக்ரோகண்ட்ரோலர் போர்டு) ரெண்டு கான்கிரீட் சுவர் தள்ளி, நடுவுல வைஃபை அப்பப்ப வருது அப்பப்ப போகுது. இந்த மாதிரி இடத்துக்கு கேபிள் இழுத்துட்டா அப்புறம் அத பத்தி யோசிக்கவே வேணாம், அதனாலதான் எனக்கு ஈதர்நெட் மேல இவ்ளோ பிரியம்.

மாட்யூல் வாங்கும்போது விலை கம்மியா ஈஎன்சி28ஜே60ன்னு ஒண்ணு கிடைக்கும். அதுவும் ஓடும், ஆனா 10 எம்பிபிஎஸ் மட்டும்தான், டிசிபி ஐபி வேலை (நெட்வொர்க்ல டேட்டாவ பிரிச்சு அனுப்பி வாங்குற வேலை) மொத்தத்தையும் ஆர்டுயினோ நேனோவே சுமக்கணும், நேனோகிட்ட இருக்குறதே 2 கேபி ராம். டபிள்யூ5500ல அந்த வேலைய சிப்பே பாத்துக்கும், டேட்டாவ தற்காலிகமா வைக்க 32 கேபி பஃபர் அதுக்குள்ளயே இருக்கு, ஒரே நேரத்துல 8 சாக்கெட் (கனெக்ஷன்) வரைக்கும் தாங்கும். முதல் தடவைன்னா இதையே வாங்குங்க.

இப்ப பவர். இங்க மட்டும் நிதானமா படிங்க, ஏன்னா நான் ரெண்டு நாள் சாயங்காலத்த இதுலதான் விட்டேன். மாட்யூல்ல 3.3ன்னு போட்டிருக்கு, நேனோலயும் 3.3 பின் இருக்கு, சரின்னு ரெண்டையும் சேத்துட்டேன். பிங் பண்ணா (கம்ப்யூட்டர்லேர்ந்து இருக்கியான்னு கேட்டுப் பாத்தா) நாலு தடவ பதில் வரும், அப்புறம் செத்துரும். லைப்ரரிய மாத்தி மாத்தி போட்டு பாத்துட்டு கடைசில மல்டிமீட்டர் வச்சா 2.7 வோல்ட் காட்டுது. நேனோவோட 3.3 யூஎஸ்பி சிப்புலேர்ந்து வருது, எஃப்டிடிஐ சிப் போட்ட ஒரிஜினல் போர்டுலயே 50 மில்லிஆம்ப்தான் குடுக்கும், டபிள்யூ5500 100 எம்பிபிஎஸ்ல டேட்டா அனுப்பும்போது 130 மில்லிஆம்ப் கிட்ட கேக்கும், எப்படி பத்தும்? அதனால மாட்யூல்ல 5 வோல்ட் பின் தனியா இருந்தா நேனோவோட 5 வோல்ட்ட அதுல குடுங்க, உள்ள இருக்குற ரெகுலேட்டர் 3.3 ஆக்கிக்கும். வெறும் 3.3 பின் மட்டும் இருக்குற சின்ன மாட்யூல்னா 5 வோல்ட்ட 3.3 ஆக்குற ஏஎம்எஸ்1117 ரெகுலேட்டர் போர்டு ஒண்ணு நடுவுல போட்டு கிரவுண்ட் எல்லாத்தையும் ஒண்ணா சேருங்க. 3.3 பின்ல நேரா 5 வோல்ட்ட மட்டும் குடுத்துராதீங்க, சிப் போயிரும்.

பவர் குடுத்ததும் வேற வயர் எதுவும் மாட்டாம ரவுட்டர்லேர்ந்து கேபிள மட்டும் சொருகி பாருங்க. கோட் இல்லாமலே ஜாக்ல லிங்க் லைட் எரியணும். எரியலன்னா பவர்லயோ கேபிள்லயோதான் பிரச்சனை, அத சரி பண்ணிட்டு மேல போங்க.

அடுத்து எஸ்பிஐ வயர், அதாவது நேனோவும் மாட்யூலும் டேட்டா பேசிக்கிற வயருங்க. நேனோ டி11 மாட்யூலோட மோசிக்கு, டி12 மிசோக்கு, டி13 எஸ்சிஎல்கேக்கு, டி10 எஸ்சிஎஸ்க்கு. சீரியல்ல ஆர்எக்ஸ் டிஎக்ஸ் மாத்தி போடுவோம்ல, அந்த மாதிரி இதுல கிராஸ் கிடையாது. ஆர்எஸ்டி நேனோவோட ஆர்எஸ்டிக்கு போகட்டும், ஐஎன்டி சும்மா இருக்கட்டும். நேனோ 5 வோல்ட் சிக்னல் அனுப்புமேன்னு பயப்பட வேணாம், டபிள்யூ5500 பின்னுங்க அத தாங்கும், திரும்பி வர்ற 3.3ஐயும் நேனோ ஹைன்னே எடுத்துக்கும், அதுக்கு 3 வோல்ட் இருந்தா போதும். ஜம்பர் வயர் மட்டும் குட்டையா வச்சுக்கோங்க, இதுல 8 மெகாஹெர்ட்ஸ் க்ளாக் ஓடுது.

ஆர்டுயினோ ஐடிஇல ஈதர்நெட் லைப்ரரி 2.0ஓ அதுக்கு மேலயோ இருக்கணும், பழசுக்கு டபிள்யூ5500 தெரியாது. ஃபைல், எக்ஸாம்பிள்ஸ், ஈதர்நெட்ல போய் வெப்சர்வர் திறங்க. அதுல 192.168.1.177ன்னு ஐபி போட்டிருப்பாங்க, உங்க ரவுட்டர் 192.168.0ல ஓடுச்சுன்னா மூணாவதா இருக்குற அந்த 1அ 0ஆ மாத்தணும், இத மறந்துட்டு பக்கம் வரலன்னு தேடுறவங்க நிறைய பேர். மேக் அட்ரஸ் (நெட்வொர்க்ல ஒவ்வொரு கருவிக்கும் இருக்குற தனி அடையாள எண்) இந்த சிப்புல கிடையாது, நாமதான் குடுக்கணும். எக்ஸாம்பிள்ல இருக்குறது ஒரு போர்டுக்கு ஓகே, ரெண்டாவது போர்டு மாட்டும்போது கடைசி எண்ணயாவது மாத்துங்க, இல்லன்னா ரெண்டும் மாறி மாறி காணாம போகும். குளோன் நேனோல அப்லோட் ஆகலன்னா ப்ராசசர் மெனுல ஓல்ட் பூட்லோடர் வச்சு பாருங்க.

சீரியல் மானிட்டர 9600ல திறங்க. ஈதர்நெட் ஷீல்ட் வாஸ் நாட் ஃபவுண்ட்னு வந்தா கேபிள தொடாதீங்க, அது எஸ்பிஐ வயர் பிரச்சனை, மோசி மிசோ மாறியிருக்கும் இல்ல டி10 லூசா இருக்கும். கேபிள் கனெக்ட் ஆகலன்னு வந்தா மட்டும் கேபிள பாருங்க. சர்வர் இஸ் அட்னு ஐபி வந்துருச்சுன்னா அத அப்படியே பிரவுசர்ல அடிங்க, ஏ0லேர்ந்து ஏ5 வரைக்கும் ஆறு அனலாக் ரீடிங் வரும், 5 செகண்டுக்கு ஒரு தடவ தானா மாறும். சென்சார் மாட்டாத பின்ல ஏதாவது நம்பர் ஆடிட்டேதான் இருக்கும், அது பழுது இல்ல.

கம்ப்யூட்டர்லேர்ந்து கழட்டி தனியா வைக்கும்போது 12 வோல்ட் அடாப்டர விஇன்ல (வெளி பவர் குடுக்குற பின்) குடுக்காதீங்க, மிச்ச 7 வோல்ட்டும் நேனோவோட குட்டி ரெகுலேட்டர்ல சூடாத்தான் போகும், கை வைக்க முடியாது. பழைய போன் சார்ஜர் ஒண்ண நேனோவோட யூஎஸ்பிலயே சொருகிடுங்க.