தன்வரலாற்று நூலுக்கு வாசகர் கருத்து திரட்டுவது எப்படி: வேலூர்ப் பக்கத்து வாசகர் வட்டங்களுக்கு

பொதுவாழ்வில் இருந்த ஒரு சிந்தனையாளர் தன் வரலாற்றை எழுதினால், வேறு நூல்களுக்கு வராத வாசகர்கள் எல்லாம் அதற்கு வருவார்கள். அவரிடம் படித்தவர்கள், அவரோடு மேடை ஏறியவர்கள், சண்டை போட்டுப் பிரிந்தவர்கள், 140-ஆம் பக்கத்தில் போகிறபோக்கில் அவர் திட்டிவிட்டுப் போன ஒருவரின் மகன். பழைய வட ஆற்காட்டில் இவர்கள் பெரும்பாலும் ஒரு பேருந்து தூரத்தில்தான் இருப்பார்கள். நூலில் வரும் ஊர்வலத்தில் நடந்தவர், நூலில் வரும் பள்ளியில் அதே வகுப்பில் உட்கார்ந்தவர் என்று நேர்சாட்சிகள் உயிரோடு இருக்கிறார்கள். வழக்கமான பாராட்டு மேடை இவர்களையும் வாழ்த்துரை சொல்ல வைத்து அனுப்பிவிடும். அவர்களுக்குத் தெரிந்ததைப் பக்க எண்ணோடு எழுத்தில் வாங்குவதுதான் இங்கே வேலை.

பிரதிகள்

24 பேர் கொண்ட வட்டத்துக்கு 8 பிரதி போதும். ஒரு பிரதிக்கு மூன்று பேர், ஆளுக்குப் பத்து நாள். 300 பக்க நூல் என்றால் நாளுக்கு 30 பக்கம். வேலைக்குப் போகிறவர்களாலும் முடியும். மொத்தமாக வாங்கும்போது பதிப்பகத்திடம் கழிவு கேளுங்கள், கேட்காமல் தரமாட்டார்கள். எட்டும் ஒரே பதிப்பாக இருக்கட்டும். முதல் பதிப்பும் மூன்றாம் பதிப்பும் கலந்துவிட்டால் பக்க எண்கள் ஒத்துப்போகாது. கூட்டத்தில் பாதி நேரம் பக்கம் தேடுவதிலேயே போய்விடும். முழு நூலையும் ஜெராக்ஸ் எடுத்துச் சுற்றுக்கு விடாதீர்கள். விமர்சனத்துக்காகச் சில பத்திகளை மேற்கோள் காட்டுவதைப் பதிப்புரிமைச் சட்டம் அனுமதிக்கிறது. நூலையே நகலெடுப்பது வேறு.

படிக்கத் தெரியாதவர்களும் கண் தெரியாத முதியவர்களும் கருத்துச் சொல்ல வேண்டியவர்கள்தான். குடியாத்தம், பேரணாம்பட்டுப் பக்கம் பீடி சுற்றும் வீடுகளில் கைக்கு வேலை இருக்கும், காது சும்மாதான் இருக்கும். அரை மணி நேரத்தில் 10 முதல் 12 பக்கம் உரக்கப் படிக்கலாம். தொழிற்சங்கம், கூலிப் போராட்டம், பஞ்சம் பற்றிய அத்தியாயங்களை இப்படிப் படித்துக் காட்டினால் கூட்டத்தில் யாரும் சொல்லாததெல்லாம் வரும். ‘அன்னிக்கு அவரு அங்க இல்லவே இல்ல’ என்று ஒரு குரல் எழும். அதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். ‘கீது’ என்று சொன்னதை ‘இருக்கிறது’ என்று திருத்த வேண்டாம். ஆம்பூர், வாணியம்பாடி, மேல்விஷாரத்தில் உருதுவிலும், குடியாத்தம், காட்பாடிப் பக்கம் தெலுங்கிலும் சொல்ல விரும்புகிறவர்கள் அவரவர் மொழியிலேயே சொல்லட்டும். பதிவை வைத்துக்கொண்டு பிறகு தமிழாக்கினால் போதும்.

கருத்துச் சீட்டு

அரை ஏ4 தாளில் அச்சிடுங்கள். அதில் இருக்க வேண்டியவை: பதிப்பு ஆண்டு, அத்தியாயம், பக்கம், அந்தப் பத்தியின் முதல் மூன்று சொற்கள் (மின்னூலில் படித்தவருக்குப் பக்க எண் உதவாது), கருத்து, பெயரை வெளியிடலாமா என்பதற்கு ஒரு கட்டம். இவற்றையெல்லாம்விட முக்கியமான கட்டம் ஒன்று உண்டு: ‘உங்களுக்கு எப்படித் தெரியும்?’ நேரில் பார்த்தேன், இன்னார் சொல்லக் கேட்டேன், படித்தேன், யூகம் என்று நான்கு பதில் கொடுத்து ஒன்றை வட்டமிடச் சொல்லுங்கள். இந்தக் கட்டம் இல்லாத சீட்டுகள் ஒரு மாதம் கழித்துக் குப்பைதான். எது கண்ணால் கண்டது, எது டீக்கடைப் பேச்சு என்று பிரிக்கவே முடியாது. தொலைபேசி எண்ணைச் சீட்டில் வாங்காமல் தனி நோட்டில் குறித்து வையுங்கள். சீட்டுகள் பல கைக்குப் போகும்.

ஒரு சீட்டில் ஒரு கருத்துதான். மூன்றைச் சேர்த்து எழுதினால் பிறகு கத்தரிக்கோல்தான் எடுக்க வேண்டும்.

கூட்டம்

ஞாயிறு மாலை 3 மணி முதல் 5.30 வரை நடத்தினால் ஜோலார்பேட்டை வழித்தடத்தில் வந்தவர்கள் காட்பாடி போய் ரயிலைப் பிடிக்கலாம். வளர்பிறை முகூர்த்த நாளில் மண்டபமும் கிடைக்காது, ஆளும் வராது. பௌர்ணமியன்று வைக்காதீர்கள், வேலூரிலிருந்து திருவண்ணாமலை போகும் பேருந்துகள் கிரிவலக் கூட்டத்தில் நிரம்பிவிடும், அந்தப் பக்கத்து வாசகர்கள் வந்து சேர முடியாது. ரம்ஜான் மாதமென்றால் 2 மணிக்கே தொடங்கி 4.30-க்கு முடித்துவிடுங்கள், நோன்பு திறக்க ஊருக்குப் போக வேண்டியவர்கள் இருப்பார்கள். மே மாதம் வேண்டவே வேண்டாம். வேலூர் வெயிலில் மூன்று மணிக்கு மொழிப்போரே நடத்தினாலும் ஆள் வராது.

தமிழ்த்தாய் வாழ்த்துக்கு 55 வினாடி. நேரத்தைத் தின்பது வரவேற்புரையும் பொன்னாடையும்தான். பொன்னாடை ஒன்றுக்கு, போட்டோவுக்கு நிற்பது உட்பட, மூன்று நிமிடம் என்று வைத்தால் பத்துப் பொன்னாடையில் அரை மணி நேரம் காலி. மரியாதையெல்லாம் கடைசியில் என்று அழைப்பிதழிலேயே போட்டுவிடுங்கள். நூலாசிரியர் வருவதாக இருந்தால் அவரை மேடையில் ஏற்றாமல் வாசகர்களோடு இரண்டாம் வரிசையில் உட்கார வையுங்கள். ‘ஐயா முன்னாடி எப்படிச் சொல்றது’ என்று தயங்கும் பழைய மாணவர் அவர் முகத்தைப் பார்க்காமல் பேச இது உதவும்.

ஆறு பேருக்குத் தலா ஏழு நிமிடம், ஆளுக்கு ஓர் அத்தியாயம், முன்கூட்டியே பிரித்துக் கொடுத்தது. நூல் முழுவதையும் ஒருவரிடம் கொடுத்தால் அவர் முன்னுரையைச் சுருக்கிச் சொல்லிவிட்டு, ‘ஆசிரியரை எனக்கு நாற்பது வருஷமாகத் தெரியும்’ என்று தன் வரலாற்றைத் தொடங்கிவிடுவார். பிறகு முக்கால் மணி நேரம் திறந்த அரங்கு. எழுந்தவுடன் பக்க எண் சொல்ல வேண்டும் என்ற ஒரே விதி போதும், வீண்பேச்சு பாதியாகக் குறையும். நூலாசிரியருக்குக் கடைசி 20 நிமிடம். இடையில் அவர் பதில் சொல்ல ஆரம்பித்தால் அடுத்தவர் வாயைத் திறக்கமாட்டார்; நெறியாளர் கையமர்த்தத் துணிந்தவராக இருக்க வேண்டும்.

பதிவுக்குக் கைபேசி போதும். மின்விசிறிக்கு நேர் கீழே வைத்தால் காற்றுச் சத்தம்தான் பதிவாகும். வெறும் மேசையில் வைக்காமல் மடித்த துண்டின் மேல் வையுங்கள். ஒரு மணி நேரப் பேச்சை எழுத்தாக்க நான்கைந்து மணி நேரம் ஆகும். குரல்வழித் தட்டச்சு வேகம் கூட்டும், ஆனால் ஊர்ப்பெயரையும் ஆள்பெயரையும் கெடுக்கும். அவற்றை மட்டும் கேட்டுக் கேட்டுச் சரிபாருங்கள்.

தகராறான கருத்துகள்

சீட்டுகள் சேர்ந்ததும் முதலில் பாராட்டைத் தனியே எடுத்து வையுங்கள். மிச்சத்தில் மூன்று குவியல் வரும். சரிபார்க்கக்கூடிய தவறுகள்: ஆண்டு, பெயர், இடம். இரண்டாவது, ஒரே நிகழ்ச்சிக்கு இரண்டு நினைவுகள். மூன்றாவது, கருத்து வேறுபாடு. இரண்டாவது குவியலில் தீர்ப்புச் சொல்ல முயலாதீர்கள். இருவரும் அங்கே இருந்திருக்கலாம், இருவரும் வேறு வேறு மூலையிலிருந்து பார்த்திருக்கலாம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வைப்பதே முறை.

‘இதை ஏன் எழுதவில்லை’ என்ற குற்றச்சாட்டு எல்லாத் தன்வரலாற்றுக்கும் வரும். அதைச் சேர்ப்பதற்கு முன் நூல் எப்படி எழுதப்பட்டது என்று பாருங்கள். உ.வே.சா. தன் வரலாற்றை 1940-இலிருந்து ஆனந்த விகடனில் வாரந்தோறும் எழுதினார்; 1942 ஏப்ரலில் மறைந்தபோது அது முடியாமலே நின்றது. அதில் பின்னாள் விஷயங்கள் இல்லையே என்று கேட்பதில் பொருளில்லை. நிகழ்ச்சியைச் சொல்லிவிட்டு அதில் இருந்த ஒருவரை மட்டும் நீக்கியிருந்தால் அது வேறு கதை, அதை எழுதத்தான் வேண்டும்.

ஆண்டைச் சரிபார்ப்பதில்தான் உள்ளூர் வாசகர் அதிகம் உதவுவார். முதியவர்கள் ஆண்டு சொல்லமாட்டார்கள், அடையாளம் சொல்வார்கள். ‘அண்ணா செத்தப்ப’ என்றால் 1969 பிப்ரவரி, ‘எமர்ஜென்சியில’ என்றால் 1975 ஜூன் முதல் 1977 மார்ச் வரை, ‘எம்.ஜி.ஆர். போனப்ப’ என்றால் 1987 டிசம்பர். ‘பாலாத்துல வெள்ளம் வந்த வருஷம்’ என்பதை மட்டும் நம்பாதீர்கள், ஆளுக்கொரு வெள்ளம் நினைவில் இருக்கும். தமிழ் ஆண்டுப் பெயர் சொன்னால் கவனம் தேவை. ருத்ரோத்காரி 1983 ஏப்ரல் நடுவில் தொடங்கி 1984 ஏப்ரலில் முடிந்தது. அந்த வருஷத்துத் தைப்பொங்கல் 1984-இல்தான் வரும். நூலில் ஓராண்டு பிசகுவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம்.

கல்யாணப் பத்திரிகை, ஸ்டூடியோ முத்திரை போட்ட போட்டோவின் பின்பக்கம், மாநாட்டு நோட்டீஸ் ஆகியவை நல்ல சான்றுகள். நோட்டீஸில் ஒரு தொல்லை: தேதியும் கிழமையும் இருக்கும், ஆண்டு இருக்காது. கிழமையே துப்புக் கொடுக்கும். ‘மார்ச் 12, ஞாயிறு’ என்று இருந்தால் 1960-க்கும் 1980-க்கும் இடையில் அது 1961, 1967, 1972, 1978 ஆகிய நான்கில் ஒன்றுதான். பேச்சாளர் பெயர்களை வைத்து மூன்றைக் கழித்துவிடலாம்.

மாவட்டப் பெயரும் இடறும். 1911 வரை வட ஆற்காட்டின் தலைநகர் சித்தூர், பிறகு வேலூர். 1989-இல் திருவண்ணாமலை பிரிந்தது, 2019-இல் இராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் பிரிந்தன. 1970-இல் ‘மாவட்ட ஆட்சியரைப் பார்க்கத் திருவண்ணாமலையிலிருந்து வேலூர் போனோம்’ என்று நூலில் இருந்தால் அது சரியே. இளம் வாசகர் ஒருவர் அதைப் பிழை என்று கட்டாயம் சீட்டு எழுதிக் கொடுப்பார்.

இறந்தவரைப் பற்றிய குற்றச்சாட்டு என்றால் வழக்கு வராது என்று நினைக்க வேண்டாம். குடும்பத்தாரின் மனம் புண்படும் நோக்கில் இறந்தவரைப் பழிப்பதும் அவதூறாகலாம். இப்போதைய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-ஆம் பிரிவில் அது வருகிறது. ‘எப்படித் தெரியும்’ கட்டத்தில் ‘யூகம்’ என்று வட்டமிட்டு, ஒருவர் பணம் எடுத்தார் என்றோ காட்டிக்கொடுத்தார் என்றோ எழுதிய சீட்டைத் தொகுப்பில் சேர்க்காதீர்கள். சாதியைச் சொல்லித் திட்டியதையும் எடுத்துவிடுங்கள். எழுதியவரிடம் நேரில் போய், நீக்கியதைச் சொல்லிவிடுங்கள்; போனில் சொன்னால் சண்டையில் முடியும்.

ஆசிரியருக்கு அனுப்புவது

15 பக்கத்துக்குள் தொகுத்துவிடுங்கள். திருத்தங்கள் முதலில், நூலின் பக்க வரிசையில்: நூலில் உள்ளது, வாசகர் சொல்வது, சான்று என்று மூன்று பத்தி கொண்ட அட்டவணை. அடுத்து மாற்று நினைவுகள், பிறகு மறுப்புகள். பாராட்டு கடைசியில் ஒரே பக்கம். ஆசிரியருக்கு வயதாகியிருந்தால் 16 புள்ளி எழுத்தில் அச்சிடுங்கள், அவருக்குப் படித்துக் காட்டுகிறவர் யாரென்று விசாரித்து அவருக்கும் ஒரு பிரதி கொடுங்கள். பதில் கேட்டு நெருக்க வேண்டாம்.

பதிப்பகத்துக்குத் திருத்த அட்டவணையை மட்டும் அனுப்புங்கள், அதுவும் ஆசிரியர் பார்த்து ஒப்புக்கொண்ட பிறகு. ஆசிரியர் காலமாகிவிட்டிருந்தால் உரிமை வாரிசுகளிடம் இருக்கும். அவர்கள் மூலநூலில் கைவைக்க விரும்பாவிட்டால் அடுத்த பதிப்பின் பின்னிணைப்பாகச் சேர்க்க முடியுமா என்று கேட்கலாம். மூலச் சீட்டுகளையும் ஒலிப்பதிவையும் ஒரே வீட்டில் வைக்காதீர்கள். ஸ்கேன் செய்த பிரதி வட்டத்தில் இரண்டு பேரிடம் இருக்கட்டும், பெயர் வெளியிட ஒப்புக்கொண்டவர்களின் கருத்துகளை மட்டும் கட்டி ஒரு பிரதியை மாவட்ட மைய நூலகத்தில் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.