வன்னியின் போர்க்காலப் பொருள்களை இனங்காண்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் கிளிநொச்சியிலிருந்து வந்த இளைஞர் ஒருவர் பளபளக்கும் சைக்கிள் டைனமோ ஒன்றை மேசையில் வைத்தார். "இது எந்த நாட்டுத் தயாரிப்பு, அண்ணை?" என்று கேட்டார். அது எதில் பூட்டியிருந்தது என்று நான் கேட்டேன். ஒரு பலகையிலாம். கறையான் அரித்திருந்ததால் அதை அடுப்பில் போட்டுவிட்டாராம். எனக்கு வயிறு எரிந்தது. ஒரு காலத்தில் நானும் இதையே செய்தவன்.

கழற்றித் துடைப்பது

1990இல் அரசின் பொருளாதாரத் தடை வந்தபின் வன்னியில் பற்றரி கிடைப்பது அரிதாகிவிட்டது. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, மிதியைக் கையால் சுற்றி, டைனமோ மின்சாரத்தில் வானொலிச் செய்தி கேட்டார்கள். சாதாரண சைக்கிள் டைனமோ 6 வோல்ட், 3 வாட் அளவினது. அது தருவது ஆடலோட்டம் (AC). விளக்கு எரிய அதுவே போதும். வானொலிக்கோ நேரோட்டம் (DC) வேண்டும். அதற்காக, மின்னோட்டத்தை ஒரே திசையில் மட்டும் விடும் டயோடுகள் நான்கைச் சதுரமாகப் பற்றவைத்து இடையில் பொருத்துவார்கள். ஆகவே பலகையில் அந்த நான்கும் இருந்தால், அது வானொலிக்காகச் செய்யப்பட்டது என்று கொள்ளலாம். டைனமோ கடையில் வாங்கியது. நம்மவர்களின் மூளை இருந்தது அந்தப் பலகையில்.

2003இல் மாங்குளம் பக்கத்து மாமி ஒருவர் அப்படியொரு பலகையை என்னிடம் தந்தார். வயர்களை வெட்டினேன், துருவைச் சுரண்டினேன், டைனமோவை மட்டும் மினுக்கி வைத்தேன். பிறகொரு நாள் வந்து பார்த்தவர், "இது எங்களுடையது இல்லைத் தம்பி" என்றார். அவருடைய கணவர் சைக்கிள் ரியூபைச் சிறு வளையங்களாக வெட்டி வயர் முனைகளை இறுக்கியிருந்தார். மாமிக்கு அந்த வளையங்கள்தாம் அடையாளம். அவற்றைக் குப்பையில் போட்டிருந்தேன்.

எதையும் கழற்றுமுன் எல்லாப் பக்கமும் படம் எடுங்கள். எந்த வயர் எங்கே போகிறது என்று வரைந்துகொள்ளுங்கள். ஜாம் போத்தல் விளக்கின் உட்புறக் கரியைக் கழுவாதீர்கள். கழுவினால் மிஞ்சுவது வெறும் போத்தல்.

வீட்டைக் கேட்காமல் பெயர் எழுதுவது

மூடியில் துளையிட்ட சிறு போத்தலைக் கண்டதும் 'மருந்துப் போத்தல்' என்று எழுதிவிடுகிறார்கள். அந்த வீட்டில் மோட்டார் சைக்கிள் இருந்ததா என்று முதலில் கேளுங்கள். தடையால் பெற்றோல் அரிதாகிவிட, அன்று அவை மண்ணெண்ணெயில் ஓடின. குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் சரியாக ஆவியாகாது என்பதால், தொடக்குவதற்குச் சில துளி பெற்றோலைப் பீய்ச்சுவார்கள். அந்தப் போத்தலாகவும் இருக்கலாம்.

எல்லாவற்றையும் ஒரே போரில் சேர்ப்பது

இரண்டாம் உலகப் போரில் வவுனியாவில் பிரித்தானிய விமானப்படைத் தளம் இருந்தது. அகன்ற அம்புக்குறி பிரித்தானிய அரசு தன் பொருள்களுக்கு இட்ட அடையாளம். அது பொறித்த இரும்பு கிடைத்தால், அந்த அரசின் உடைமையாக இருந்ததா என்று முதலில் பாருங்கள்.

இன்னதென்று தெரியாத உலோகத்தை எடுப்பது

தொடாதீர்கள். அது வெடிக்காத குண்டாக இருக்கலாம். விலகி நின்று பொலிசாரின் அவசர எண்ணான 119ஐ அழையுங்கள்.