பிளைவூட் பலகையின் முத்திரையைப் படித்து வாங்குங்கள்

வன்னியில் கூரைக்கோ மேல்மாடித் தளத்துக்கோ பிளைவூட் வாங்குவோர், கடைக்காரரின் "மழைக்கு ஒன்றும் ஆகாது" என்ற சொல்லோடு நின்றுவிடாமல், தயாரிப்பாளரைச் சாராத நிறுவனம் ஒன்று சோதித்துச் சான்றளித்த முத்திரை பலகையிலேயே உள்ளதா எனப் பார்க்க வேண்டும். விலைச்சீட்டில் அச்சிட்ட தர எண் சான்றாகாது. இந்தியப் பலகையாயின், இந்தியத் தர நிர்ணய அமைப்பான பி.ஐ.எஸ்.இன் ஐ.எஸ்.ஐ. குறியுடன் சி.எம்./எல். எனத் தொடங்கும் உரிம எண் இருக்கும், அதை 'பி.ஐ.எஸ். கெயார்' செயலியில் இட்டால், உரிமம் யாருடையது, இன்னும் நடப்பில் உள்ளதா என்பது தெரிந்துவிடும். இந்தியத் தர எண்களில், ஐ.எஸ். 710 கடல்தரப் பலகையையும், ஐ.எஸ். 10701 கட்டமைப்புப் பலகையையும், ஐ.எஸ். 4990 கொங்கிறீற் ஊற்றத் தற்காலிகமாக அடிக்கும் சற்றரிங் பலகையையும் குறிக்கின்றன. சற்றரிங் பலகை மலிவாகக் கிடைக்கிறதென்று அதையே நிரந்தரத் தளத்துக்குப் போடுவதை நான் ஏற்கமாட்டேன்.

அமெரிக்கப் பலகை கிடைத்தால், அதன் முத்திரையிலுள்ள 32/16 என்பது, தாங்கு மரங்களின் இடைவெளி கூரையில் 32 அங்குலத்தையும் தளத்தில் 16 அங்குலத்தையும் மிஞ்சக்கூடாது என்பதாகும். 'எக்ஸ்போஷர் 1' என்றிருந்தால், வேலை நடக்கும் காலத்து நனைவை அது தாங்குமே தவிர, கார்த்திகை மழையில் ஆண்டுதோறும் திறந்தவெளியில் கிடக்க ஏற்றதல்ல. தச்சர் அறுக்கத் தொடங்குமுன் முத்திரையைப் படமெடுத்து, பற்றுச்சீட்டுடன் வைத்துக்கொள்ளுங்கள்.